எந்தச் சாறிக்கு எந்தச் சாறி

மச்சான்,

வலக்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்த்தேன். தேசிக்காய் தேய்த்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னாள் என் வீட்டுக்காரி. இப்போது மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கிறது. கியர் எண்ணெய் நாற்றம் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கடையில் கோயில் பிள்ளைகளின் முதல் நன்மைச் சட்டைகளுக்கான வெள்ளைத் துணி வந்து கிடக்கிறது. இந்தக் கையால் அதைத் தொட்டால் பங்குத் தந்தை வரைக்கும் முறைப்பாடு போகும். ஆகவே புளியந்தீவில் ஒரு தையல்காரன் பட்டப்பகலில் கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, செத்துப்போன சிநேகிதனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

உன் கார் நேற்றுப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஓடிப் போகவில்லை, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செங்கலடிப் பக்கம் ஒரு பழைய நெல் ஆலைக் காணியை அளக்கப் போன நீ, அளவோடு வராமல் காரோடு வந்தாய். உலகத்தில் வேறெந்த நில அளவையாளனும் அப்படிச் செய்திருக்க மாட்டான். உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றிக் குருக்கள்மடத்துக்குக் கொண்டுவந்து, உன் வீட்டு வேம்பின் கீழ் இறக்கினாய். இங்கிலாந்தில் செய்த சின்னக் கார், மேலே கூரை இல்லை, எஞ்சின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. சாரதி இருக்கையில் கோழி அடைகிடந்த வைக்கோல் அப்படியே இருந்தது.

"இதென்ன மச்சான், காரா கோழிக்கூடா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் மட்டும் இருக்கிற கார். மூண்டாவது ஆளுக்கு இடமில்ல. அதுதான் இதிட விசேஷம்."

"அப்ப நான்?"

"நீ பஸ்ஸில வா."

உன் மனைவியை முதல் நாளிலிருந்தே நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நீ மச்சான் என்றால் அவள் வேறு என்ன? அவள் குசினி வாசலில் நின்று, "மழை பெஞ்சா என்னகா செய்யிற?" என்றாள். "நனையிறதுதான்" என்றாய். கல்லடிப் பாலத்தில் அவளைப் பக்கத்தில் இருத்தி, வாவிக் காற்று முகத்தில் அடிக்க ஒரு பின்னேரம் போய்வர வேண்டும். உன் ஆசை அவ்வளவுதான். அதற்காக ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை இந்த இங்கிலாந்துக் காருக்குள் இறக்கப்போவதாகச் சொன்னாய். ஒரு பிளக்கைக்கூட அதுவரை நீ கழற்றிப் பார்த்ததில்லை. நானோ தையல் மெசினைத் தவிர வேறு மெசின் அறியாதவன். ஊரில் எத்தனையோ மெக்கானிக்மார் இருக்க, நீ என்னைத்தான் கூப்பிட்டாய். ஞாயிறு பூசை முடிந்த கையோடு நானும் பஸ் ஏறி வந்தேன்.

கொழும்பில் பழைய எஞ்சின் விற்கும் கடைக்குப் போனது நினைவிருக்கிறதா? என் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அளவெடுக்கும்போது ஆளை பெல்ட்டைக் கழற்றச் சொல்லுவதும், பொக்கற்றில் இருப்பதை எடுக்கச் சொல்லுவதும் எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் எஞ்சினின் முன்னால் இருந்த விசிறியையும் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் அளந்தேன். நீ பக்கத்தில் நின்று, காணி எல்லை குறிப்பதுபோல ஒவ்வொரு அளவையும் இரண்டு தரம் சரிபார்த்தாய். மயிரிழை பிசகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விசிறியைப் பூட்டிய பிறகுதான் ரேடியேற்றருக்கும் அதற்கும் நடுவில் இடமே இல்லை என்று தெரிந்தது. நான் தலையில் கைவைத்தேன். நீ நிலத்தில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தாய். "ஆளுக்குச் சட்டை சரி மச்சான், வண்டிக்குத்தான் இடமில்ல" என்று உன் வயிற்றைத் தட்டிக் காட்டினாய். ரேடியேற்றரை முன்னுக்குத் தள்ளிப் பொருத்த இன்னும் சில மாதம் போனது.

எஞ்சினை இறக்கிய நாளைச் சொல்ல மறந்துவிட்டேன். வேப்பங்கொப்பில் சங்கிலிக் கப்பி கட்டி, எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒன்றாகத் தூக்கினோம். அயல் முழுக்க வேலியில் நின்றது. சரித்து இறக்கும்போது கியர்பெட்டியின் பின்வாயால் எண்ணெய் கொட்டும் என்று நம் இருவருக்கும் தெரியாது. கீழே நின்றவன் நான். நானே வெட்டித் தைத்துப் போட்டிருந்த நீலக்கட்டச் சேட்டு கழுத்திலிருந்து நனைந்தது. "இத வீட்ட கொண்டு போனா உன்ட மனிசி உன்னையும் சேத்து வெளிய போடுவா. கழட்டி இஞ்ச எறி" என்று உன் சேட்டு ஒன்றைத் தந்தாய். தோள் இரண்டும் தொங்கத் தொங்க அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பிறகு வயர் வேலை தொடங்கியது. காரின் பழைய வயர்கள் எல்லாம் ஒரே மண் நிறம். எஞ்சினோடு வந்தவற்றை யாரோ பாதியில் வெட்டி விட்டிருந்தார்கள். நீ ஒரு சின்ன பல்பை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டுபிடித்த வயருக்கு ஒரு துணித்துண்டு கட்டினாய். தங்கச்சி துடைக்கத் தந்த பழைய சாறிகளைக் கிழித்த துண்டுகள் அவை. கார்ப் பக்கம் ஒரு கட்டு, எஞ்சின் பக்கம் ஒரு கட்டு. ஆனால் இந்தப் பக்கப் பச்சைக்கு அந்தப் பக்கம் பச்சை இல்லை. எந்தச் சாறி எந்தச் சாறியோடு சேரவேண்டும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

"எழுதி வையன் மச்சான்" என்றேன்.

"கந்தோரில முழுநாளும் எழுதுறன், இஞ்சயும் எழுதவா? எல்லாம் தலைக்குள்ள கிடக்கு."

அந்தத் தலையோடுதான் நீ வட்டைக்குள் விழுந்தாய். வயல் அளக்கப் போன இடம். வாகனம் வராத இடம். வரம்பு வழியே உன்னைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். நான் கடையில் யாருக்கோ காற்சட்டை உயரம் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன். காருக்காக நீ வேம்பின் கீழ் போட்ட கொட்டிலில் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டு, தங்கச்சி தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். வேறு என்ன செய்ய? பொத்தான் துளை தைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். பொனட்டைத் திறந்தால் அந்த இரண்டு கட்டும் சந்தையில் தொங்கும் ரிபன்கள் மாதிரித் தெரியும். மூடிவிடுவேன்.

போன கிழமை தங்கச்சி சொன்னாள், கொழும்பில் மகளோடு இருக்கப் போகிறாளாம். அடுக்குமாடி வீடு, கார் நிறுத்த இடம் இல்லை. பழைய கார் சேர்க்கிற கொழும்புக்காரர் ஒருவர் கொண்டுபோக வருகிறார். அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணன், போறதுக்கு முதல் ஒருக்கா அதிட சத்தத்தக் கேட்டுட்டுப் போனாப் போதும்." நான் "ஓம்" என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் கேட்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கல்லடியிலிருந்து வாகன வயர் வேலை செய்யும் ஒரு தம்பியைக் கூட்டிவந்தேன். அவன் நீண்ட நேரம் பார்த்தான். "ஆரு செஞ்ச? வடிவாத்தான் செஞ்சிருக்காரு. ஆனா அவர்தான் வந்து சொல்லணும்" என்றான். தங்கச்சி ஒரு துண்டைத் தொட்டாள். "இது மகள் பிறந்து ஆசுப்பத்திரியால வந்த அண்டைக்கு உடுத்தது." அடுத்ததை எடுத்து, "இது அவர் முதன்முதல் எடுத்துத் தந்தது, நிறம் புடிக்கல்ல எண்டு சண்டை புடிச்ச" என்றாள். ஒன்றையும் மறக்கவில்லை. பாதிப் பதில் அவளிடம் இருந்தது, மற்றப் பாதியை நீ கொண்டுபோய்விட்டாய். இதோடு இதைத்தான் சேர்த்திருப்பார் என்று அவள் ஊகித்துச் சொல்ல, அந்தத் தம்பி சிலவற்றைப் பொருத்தித் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை. மழைத் துடைப்பான் மட்டும் எழும்பி, கொளுத்தும் வெயில் நாளில் காய்ந்த கண்ணாடியை ஒரு தரம் துடைத்துவிட்டு நின்றது. தங்கச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடினாள்.

"எல்லாத்தையும் வெட்டிப்போட்டுப் புது வயர் இழுத்தா லொறி வாறத்துக்குள்ள சத்தம் கேக்கப் பண்ணுவன்" என்றான் தம்பி. நேரமும் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன். கடைசியில் அவளே சொன்னாள். "வேணாம் மனே. இத வெட்டிப்போட்டுக் கேக்கிற சத்தம் அவர்ட சத்தம் இல்ல." கொழும்பில் இன்னொருவன் வெட்டத்தான் போகிறான். அது அவளுக்கும் தெரியும். அவள் செய்தது சரியா என்று நீ இருந்தால் கேட்டிருப்பேன். எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நேற்று லொறி வாசலில் நிற்க, பொனட்டை மூடுவதற்கு முன் அவள் ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றை அவிழ்க்க முயன்றாள். உன் முடிச்சு அசையவில்லை. விட்டுவிட்டாள். எஞ்சின் பக்கக் கட்டின் உள்ளுக்குள் கையை விட்டவள் ஒரு துண்டை இழுத்துக் காட்டினாள்.

"இது என்ட இல்ல அண்ணன். ஆர்ட?"

குனிந்து பார்த்தேன். நீலக்கட்டம். ஓரத்தில் இரட்டைத் தையல், கைப்பட்டிக்கு நான் மட்டும் போடுகிற நெருக்கம். விரலால் பிடித்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த எண்ணெய் அதில் காயவில்லை. லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் அவிழ்க்கவில்லை.

அந்த நாற்றம்தான் இது. இன்றோ நாளையோ போய்விடும், வெள்ளைத் துணியையும் வெட்டிவிடுவேன். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, எனக்கும் உள்ளே ஓர் இடம் வைத்திருக்கிறாய், மச்சான். அது எந்த வயர் என்று மட்டும் எனக்குத் தெரியாது.