இருபத்துநாலு காட்டிய அறை

அக்கா,

இன்று உன் அறையைக் கழுவிவிட்டேன். ஜன்னல் கொக்கியில் நீ சுற்றிவைத்த பழைய வேட்டித் துணி இன்னும் அப்படியே இருக்கிறது. தறி ஓடுகிற வீட்டில் இது வழக்கம்தான். ஆணி, தாழ்ப்பாள், கொக்கி, எது துருத்திக்கொண்டிருந்தாலும் துணியைச் சுற்றிவிடுவோம். இல்லாவிட்டால் பட்டு மாட்டி இழை இழுத்துவிடும். அவிழ்த்துத் துவைக்கலாம் என்று போனேன். கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

தம்பியின் இரண்டாவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஐப்பசியில் நீ இங்கிலாந்து போனாய். அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நீ. அவனுக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் வேண்டாமென்றே விட்டவள். அவன் கூப்பிட்டதும் தறியில் பாதியில் நின்ற சேலையைக்கூட என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

மாடியில் உனக்குத் தனி அறை. வீடியோவில் சுற்றிக் காட்டினாய். ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ஓர் இரும்புத் தட்டி. "இதுக்குப் பேரு ரேடியேட்டராம்டி. உள்ள வெந்நீர் ஓடுமாம், அதுலதான் ரூமு சூடாவுதாம். ஆனா அடியிலதான் சுடுது, மேல ஐஸாட்டம் இருக்குது" என்றாய்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் மேல்பகுதி சூடாகாதாம். ஓரத்துத் திருகை ஒரு சின்னச் சாவியால் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டுமாம். நான் காஞ்சிபுரத்திலிருந்து சொல்லச் சொல்ல, நீ அங்கே டம்ளரைப் பிடித்துக்கொண்டு திருகினாய். உஸ்ஸென்று இரைந்து கறுப்புத் தண்ணீர் உன் கையில் பீய்ச்சியது. "அவன் வூட்ட ஒடச்சிட்டனா?" என்று நீ விழித்த விழிப்பில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சற்று நேரத்தில் மேல்வரை சூடேறிவிட்டது. "முதுகச் சாச்சிக்கினு உக்காந்தா நம்மூரு வெயில்ல உக்காந்தாப்புல இருக்குதுடி" என்றாய். நீ நிம்மதியாக இருந்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

மார்கழியில் மறுபடியும் சில்லிட்டுவிட்டது. இந்த முறை மேலும் கீழும் ஒரே குளிர். திருகைத் திறந்தால் காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. மற்ற அறைகளில் எல்லாம் நன்றாகச் சுடுகிறது என்றாய். குழாய் சேருமிடத்தில் ஒரு குமிழ் இருக்குமாம், அதைத் திருகிப் பார் என்றேன். "அதத் தொடக்கூடாதாம். சூட்டக் கூட்டறது கொறைக்கறது எல்லாத்தையும் அவன் போன்லயே வெச்சிக்கினு இருக்கறான்."

அவனையே கூப்பிட்டேன்.

"அக்கா ரூமுல இருபத்திநாலு டிகிரி காட்டுது, சின்னக்கா" என்றான். திரையைப் படம் பிடித்து வேறு அனுப்பினான். "வயசாச்சில்ல, சும்மாவே குளுரும். ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு."

"போன வெச்சிட்டு மேல ஏறிப் போய் நின்னு பாருடா."

"பாக்கறேன்க்கா."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவன் அதிலேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டவன். மறுநாள் உன்னைக் கேட்டேன். "வந்து பாத்தான்பா, பாவம், சரி பண்றேன்னான்" என்றாய். பொய். சால்வைக்கு மேல் சால்வை, அதற்கு மேல் அவனுடைய பழைய கோட்டு, பேச்சுக்குப் பேச்சு இருமல். நான் கத்த ஆரம்பித்தால் "அவனத் திட்டாதடி, கைக்கொழந்தய வெச்சிக்கினு தூக்கமில்லாம அலையறான்" என்பாய். பெற்ற மனம் பித்து, சரி. பெறாத உனக்கு அது எங்கிருந்து வந்தது?

தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நெஞ்செல்லாம் சளி கட்டிவிட்டது என்றார்கள். பொங்கல் கழிந்து போய்விட்டாய். உன்னை அங்கேயே எரித்தார்கள். அந்த ஊரில் உனக்குக் கிடைத்த முழுச் சூடு அதுதான் என்று நான் போனிலேயே சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

காரியம் முடிந்த பிறகு, உன் சாமான்களில் எதை அனுப்புவது என்று கேட்க உன் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான்.

"என்னடா, வூட்டுக்குள்ள கோட்டு?"

"இந்த ரூமு ரொம்ப சில்லுன்னு இருக்குது, சின்னக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அப்போதுதான் அவனுக்குப் பின்னால் அந்தக் குமிழைப் பார்த்தேன். உன் பழைய நூல்புடவையைக் கிழித்துக் கெட்டியாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய். அரக்குப் பட்டு எதிலோ மாட்டி இழை இழுத்துவிட்டது என்று கார்த்திகையில் நீ ஒருநாள் புலம்பியது நினைவுக்கு வந்தது. அறை எவ்வளவு சூடு என்று உணர்ந்து வெந்நீரை விடுவதும் நிறுத்துவதும் அந்தக் குமிழ்தானாம். குழாயின் சூடு துணிக்குள்ளேயே தங்க, அறையே சூடாகிவிட்டது என்று நினைத்து அது வெந்நீரை அடைத்துவிட்டது. அவன் போனுக்கும் அதையே சொல்லியிருக்கிறது.

"அத அவுருடா" என்றேன். அவிழ்த்தான். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது இரும்பு டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அவன் போய்க் கையை வைத்தான்.

"சின்னக்கா, சுடுது" என்றான்.

நீ சுற்றிய துணியை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் சுற்றியிருப்பேன். ஆனால் அவனும் இந்த வீட்டில் பிறந்தவன்தானே. ஒரே ஒரு தடவை மாடியேறி வந்திருந்தால் அந்தத் துணி அவன் கண்ணில் பட்டிருக்கும். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. அவனுக்காக நீ சொன்ன பொய்யையும் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளோடு வருகிறான். "பசங்களுக்கு வெயில் தாங்காது, சின்னக்கா. ஒரு ஏசி போட்டு வையேன்" என்றான். தகரக் கூரை போட்ட தறிக்கூடத்தில் அவனைப் படுக்கவைத்து, "போன்ல இருபதுதான்டா காட்டுது, விசிறிக்கினு படு" என்று சொல்ல வேண்டும். எத்தனை முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். ஆனால் உன் அறையில் ஏசி மாட்டியாகிவிட்டது. மாட்டியவர் ரிமோட்டில் எண்ணைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவன் படுக்கப்போகிற மூலையில் பாயைப் போட்டு, கைகால் சில்லிடும்வரை நானே படுத்துப் பார்த்தேன்.

அவனை ஒரு ராத்திரி வேர்க்கவிடக்கூட என்னால் ஆகவில்லையே, அக்கா. உன் புடவைகளோடு இந்தப் பாழும் மனசையும் சேர்த்தா எனக்கு அனுப்பினாய்?