வில்சன் எடுத்த வேலை

14 ஜூன் 1996, வெள்ளி. பாறசாலை.

இன்று மாலை வில்சன் வந்தான். மண்கட்டியும் ஓடும் கொண்டு சிக்கனமாக வீடு கட்டும் பொறியாளர்களின் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். மாதந்தோறும் அவர்கள் கூடுவது என் வீட்டில். புதிதாகச் சேருபவர்களுக்குக் காட்டுவதும் இதே பூசாத சுவர்களைத்தான். காட்டுவதற்கு வேறு வீடு அவர்களுக்கு இல்லை.

மழை ஓய்ந்ததும் இதை இடித்துவிட்டு கான்கிரீட் வார்ப்பு வீடு கட்டப் போகிறான் என் மகன். பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். வீடு அவன் பெயரில் இருக்கிறது. நான் வாதாடவில்லை.

"அந்தப் பணிய நான் ஆக்கும் எடுத்திருக்கேன், டீச்சரே," என்றான் வில்சன், உட்காராமலே.

"கூட்டத்துல கான்கிரீட்ட ஏசுயது நீதானே?" என்றேன்.

"ஏசினா அடுப்பு எரியுமா? போன ஓணத்துக்குப் பெறவு மண்ணு வீடுண்ணு ஒருத்தரும் விளிக்கல்ல. உங்க மவன் தான் விளிச்சாரு."

கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. வார்த்த பிறகு ஒழுங்காகத் தண்ணீர் விட்டு நனைக்கச் சொன்னேன். தலையாட்டினான்.

கிளம்பும்போது, ஓடுகளை உடையாமல் இறக்கிப் பெருங்கடவிளையில் ஒரு வீட்டுக்குப் போடப் போவதாகச் சொன்னான். யாருடைய வீடு என்று கேட்டேன்.

"அதுக்கு இனித்தான் ஆளு பாக்கணும், டீச்சரே."

ஆள் கிடைக்கும்வரை மாட்டுத் தொழுவத்தில் அடுக்கிக்கொள்ளச் சொன்னேன். தொழுவத்தை இடிப்பதைப் பற்றி மகன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.