அந்தப் பதினொரு புள்ளிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் கடையும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் ‘நல்லா இருக்கேம்ப்பா’ என்று எப்போதும் ஒரே ராகத்தில் சொல்வாய், அது என்னிடம் செல்லாது. வேளாவேளைக்கு என்ன சாப்பிட்டாய் என்று எழுது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. தம்பி கார் ஓட்டப் பழகுகிறான், தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செல்களை உடைத்து, சாற்றைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நீ தேடும் புரதத்தை மட்டும் அதில் பிடித்துவைத்து, ஒளிரும் சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு மூலக்கூறு என்று எழுதியிருந்தாய். சாறு விட்ட தகட்டில் பத்தொன்பது புள்ளி, விடாத தகட்டில் பதின்மூன்று. வெறும் தகடே இப்படி மின்னினால் எதை நம்புவது, மாதக் கடைசியோடு இதை மூட்டை கட்டு என்று பேராசிரியர் சொன்னாராம், நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். மூன்று வருஷ உழைப்பாயிற்றே, எனக்குச் சுருக்கென்றது.

நீ அனுப்பிய அந்த இரண்டு தகட்டுப் படங்களையும் பெருமைக்குக் கடையில் மாட்டியிருந்தேன். ஓர் அம்மாள் வந்து ‘அந்தக் கறுப்புல புள்ளி போட்டதுல அஞ்சு மீட்டர் கிழிங்க’ என்றாள். இது துணி இல்லையம்மா, என் மகள் பிடித்த புரதம் என்றேன். ‘எதுவா இருந்தா என்ன, சாயம் போகுமா போகாதா?’ என்று கேட்டாளே பார்க்கலாம். அவள் போனபிறகுதான் என் துணிக்காரக் கண் திறந்தது. படங்களைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சரியாகப் பதினொரு இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வந்தது. அச்சுத் துணியில் ஒரே கறை எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தால் தப்பு துணியில் இல்லை, அச்சில். அம்மா நம்பவில்லை. ‘படிச்ச பிள்ளைக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்’ என்று மூக்குக்கண்ணாடியோடு வந்து எண்ணினாள். பதினொன்று. உடனே போய்ப் பென்சிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

புரதம் இரண்டு தகட்டிலும் ஒரே இடம் பார்த்தா உட்காரும்? கோளாறு கேமராவில் என்பது என் கணிப்பு. அந்தப் பதினொன்றைத் தள்ளிவிட்டால் அங்கே எட்டு, இங்கே இரண்டு. விளக்கை அணைத்துவிட்டு, தகடே வைக்காமல் ஒரு படம் எடு. அப்போதும் அவை அங்கேயே இளித்தால், கேமராவை மாற்றி இன்னும் நாலைந்து தகடு பார்த்துவிட்டு, பேராசிரியரிடம் நிமிர்ந்து பேசு. இளிக்காவிட்டால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள், எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் பார்க்காமல் மட்டும் தலையாட்டாதே. போனில் சொன்னால் ‘அப்பா, சும்மா இருங்க’ என்பாய், அதனால்தான் இரண்டு படத்திலும் பென்சிலால் வட்டம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவின் ஆசியும்தான். சாயம் போகுமா என்பதையும் மறக்காமல் எழுது, அந்த அம்மாள் மறுபடி வந்து கேட்பாள். கடைச் சுவரில் இரண்டு ஆணியும் இப்போது காலியாக இருக்கின்றன. புதுப் படம் வரும்வரை அங்கே வேறு எதையும் மாட்டப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் துணிக்கடை அப்பா