ஜெஸ்லினுக்குச் சீட்டுப் போடவில்லை

தூத்துக்குடி
12.06.2025, வியாழன்

அன்பு மகள் ஜெபசுதாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், டப்ளினில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மனசுக்கு எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்குக் குரல் ஏறிவிடும், நீயும் "சரிப்பா, சரிப்பா, அம்மாட்ட குடுங்க" என்று சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், தாளைத் தபாலிலும் போடுவேன், இது உன் கையில் இருக்க வேண்டியது. வேலைக்கு நடுவே படிக்காதே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படி.

இங்கே மேல்காற்று ஆரம்பித்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மண் விழுகிறது. மீன்பிடித் தடைக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது, அதுவரை ஐஸ் மீன்தான், உன் அம்மா அதைத் தொடமாட்டேன் என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்தை விட்டுவிட்டு எண்ணெய் தேய்க்கிறாள், நான் சொன்னால் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை. அதற்குக் காரணம் கீழே வரும்.

உன் தங்கை ஜெஸ்லின் காரியம் உனக்குத் தெரியும். பெங்களூரில் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பாதி ஓவியம் பாதி புரோகிராமிங் என்று நாலு வருஷப் படிப்பு, திங்கட்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான் ஏப்ரலிலிருந்தே வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. நாலு வருஷப் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து, புரியாத வார்த்தைக்கெல்லாம் ஓரத்தில் அர்த்தம் எழுதிப் படித்தேன். முதல் வருஷம் காலையில் மனித உடம்பை வரைகிறார்கள், மத்தியானம் பைத்தான் படிக்கிறார்கள். மூன்றாம் வருஷம் சுவரில் படம் போட்டு, ஆள் நடந்தால் படமும் நகர்கிற மாதிரி செய்கிறார்கள். கல்லூரிக்கே போன் போட்டு, புரோகிராமிங் சொல்லிக்கொடுப்பது யார், அவர் எங்கே வேலை பார்த்தவர், விடுமுறை நாளில் லேப் திறந்திருக்குமா, படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று எல்லாம் கேட்டேன். அங்கே பேசிய தமிழ்ப் பெண், "அங்கிள், எந்த அப்பாவும் இவ்வளவு கேட்டதில்ல" என்றாள். கேட்காதது அவர்கள் தப்பு என்றேன். பதில் எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னாள், அதில் எனக்குக் குறை இல்லை. என் பயம் அந்தப் பட்டத்தின் பெயரில்தான். கடைத்தெருவில் யாரிடம் சொன்னாலும் "அண்ணாச்சி, அது படம் போடுத படிப்பா, கம்ப்யூட்டர் படிப்பா" என்று கேட்கிறார்கள். கேட்டவுடன் புரியாத பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் எந்த வாசலில் போய் நிற்பாள்?

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரிக்கல் வேலை முழுவதும் நானாகப் படித்தது, கிரேனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தது. கப்பல் காத்துக்கிடக்கும்போது கிரேன் நின்றுபோனால் ஜீப் என்னைத் தேடித்தான் வரும். நான் சரிபண்ணி இறங்கியதும், பட்டம் வைத்திருக்கிற இன்ஜினியர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாளிலும் என் பெயர் கிடையாது. ஒருநாள் கேட்டே விட்டேன். "தேவபிரசாதம், உமக்கு வேலை தெரியும்னு எங்களுக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாதே" என்றார் அதிகாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பேர் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிற பட்டம் இல்லாமல் என் பிள்ளைகள் யாரும் இந்தப் படியை விட்டு இறங்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். உனக்கு அப்போது ஒன்பது வயது.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஜெபம் முடிந்ததும், உனக்குச் செய்த மாதிரியே ஜெஸ்லினுக்கும் சீட்டுப் போடுவோம் என்றேன். ஒரு தாளில் பெங்களூர் கல்லூரி, இன்னொன்றில் ஊர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி என்று எழுதிச் சுருட்டி பைபிள் மேல் வைத்து ஜெபித்துவிட்டு அவளே ஒன்றை எடுக்கட்டும், எடுக்காத சீட்டை வழக்கம்போலப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவோம் என்றேன். பிரித்துப் பார்த்தால் கர்த்தரைச் சோதிக்கிற மாதிரி என்று என் அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் வழக்கம். அவள் முகம் செத்துப்போனது. உடனே உன்னைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள், நீ அவள் பக்கம் பேசுவாய் என்று நினைத்திருப்பாள். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஏளா, பயப்படாத. எனக்கும் சீட்டுதான் போட்டாவ. எழுதுனது அப்பா, குடுத்தது கர்த்தர். அந்தச் சீட்டு இப்பவும் என் பைபிள்லதான் இருக்கு. இங்கன வந்த புதுசுல யாருமில்லாம அழும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன். படம் வரையுதது போச்சேன்னு இருக்கும், ஆனா இது அவர் போட்ட வழின்னு மனசு ஆறிரும். நீயும் எடு." அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இனிமேல் எழுதுவதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். 2016-இல் உனக்குச் சீட்டுப் போட்டபோது இரண்டு தாளிலும் நான் ஊர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியின் பெயரைத்தான் எழுதினேன். ஓவியம் படிக்க நீ கேட்ட புனே கல்லூரியின் பெயர் எதிலும் இல்லை. நீ எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் அதுவேதான். நீ பிரித்துப் படித்துவிட்டு, "சரிப்பா, கர்த்தர் சித்தம்" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த உன் படங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாய். டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் நீ துறைமுகக் கிரேனை வரைந்து, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி, அது பாரம் தூக்குகிற மாதிரி செய்து காட்டினாய். பாரம் ஏறும்போது கம்பி உருளை எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றேன், அங்கேயே பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டாய். அப்படி ஒன்றை என் கூட வேலை பார்த்த எந்தப் பட்டக்காரனாலும் செய்ய முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், நீ நின்று சம்பாதிக்கிற இடத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், சண்டையில் ஜெயித்தும் இருப்பாய். கர்த்தரோடு நீ சண்டைக்குப் போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் பேரை இழுத்தேன். ஒன்பது வருஷமாக நீ தனியே அழுதபோதெல்லாம் உனக்குத் துணையிருந்தது என் கையெழுத்து. இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன் மகளே.

போன ஞாயிற்றுக்கிழமை உள்ளே போன என் பின்னாலேயே உன் அம்மா வந்தாள். "இந்த வாட்டி சீட்டை நான் எழுதுதேன், நீங்க ஒரே பேரை ரெண்டு தடவை எழுதிச் சிரமப்பட வேண்டாம்" என்றாள். உனக்குச் சீட்டுப் போட்ட அன்றைக்கு மிச்சச் சீட்டை அடுப்பில் போடுவதற்கு முன் அவள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு வருஷமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். அவளைக் கோபிக்காதே, அப்போதே சொல்லியிருந்தாலும் இல்லை என்று பைபிளில் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பேன், அதற்கும் பயந்துதான் வாயை மூடியிருந்தாள்.

நேற்று ஜெஸ்லின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சீட்டுப் போடவில்லை. படிப்பின் பெயர் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். காரணம் மட்டும் சொல்லவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீட்டே இல்லாமல் அப்பா மனசைக் கர்த்தர் மாற்றினார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லப்போகிறாளாம், சபை ஐயரிடம் பேரும் கொடுத்துவிட்டாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

உள்ளதை அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உன் அம்மா நினைக்கிறாள், பேசாமலே அதைச் சொல்கிறாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் முதலில் கெட்டது உன் காரியம். அவளிடம் சொல்லவா, வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். சொல் என்றால் சபைக்குப் போகுமுன்பே அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன், அதன்பிறகு அவள் என்னைப் பற்றி என்ன சாட்சி சொன்னாலும் சரி. வேண்டாம் என்றால் அவள் பேசி முடிக்கிற வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன், கேட்டால் நீ உடனே சரிப்பா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லாவிட்டாலும் அவர் காப்பார். ஆராதனை ஞாயிறு காலை எட்டு மணிக்கு, நீ சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பேச மனசில்லை என்றால், "சொல்" அல்லது "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய அப்பா,
தே. தேவபிரசாதம்