அந்த மேஜையில் சம்பத் சார்

ஜூன் 3
காலையிலேயே வெக்கை. சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. மூடிக் கிடக்கும் ஃபேக்டரி ஷெட்டில் கேசினோ செட். க்ரைம் படம். ஹீரோவுக்குச் சீட்டுப் போடக் கற்றுத்தர வேண்டும். கோவா சூதாட்டக் கப்பலில் ஆறு வருடம் செய்த வேலைதான்.

ஆட்களை எப்படிப் பிடித்து வைப்பீர்கள் என்று டைரக்டர் கேட்டார். சொன்னேன். கடிகாரம், ஜன்னல் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குடும்பத்தை விசாரிக்க வேண்டும். எழுந்திருக்கப் பார்த்தால் உடனே சாப்பாடு.

“சூப்பர்மா.” எழுதிக்கொண்டார்.

ஜூன் 4
துணை நடிகர்கள் முப்பது பேர். அதில் சம்பத் சார்! மேடவாக்கத்து நிலத்தை விற்று மாதாமாதம் கப்பலுக்கு வந்தவர். எப்போதும் என் மேஜைதான். இப்போது தலை முழுக்க நரை.

“இன்னாமா ஜெனி, நீ இங்க கீற?”

ஆட்டத்தை விட்டு நாலு வருஷமாம். “சம்சாரம் தலைல அடிச்சு சத்தியம் பண்ணிக்கீறேன்.” சிரித்தார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 5
லஞ்ச் பிரேக். எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் சம்பத் சார் மேஜையில். முன்னால் பணத்துக்குப் பதில் வைக்கும் பிளாஸ்டிக் காய்கள்.

“சும்மா ஒரு கை போடும்மா.”

போட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் காய்களை மொத்தமாக முன்னால் தள்ளினார். போதும் சார் என்றேன். பின்னால் டைரக்டர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நடிப்பே இல்ல, நிஜம். நாளைக்கு க்ளோசப் வைக்கிறேன். அவரை எழுந்திருக்க விடாதீங்க.”

“அவர் ஆட்டத்தை விட்டவர் சார்.”

“வெறும் பிளாஸ்டிக்தானேம்மா.”

நாளைக்கான சீட்டுக்கட்டைப் பிரித்து வைத்தேன். 

ஜூன் 6
ஷெட்டுக்குள் அனல். சம்பத் சாரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்றேன்.

“அவ எங்கூட பேசறதில்லமா.”

இன்னொரு கை போட்டேன். கேமரா இருப்பதையே மறந்துவிட்டார். தோற்றதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கட். கைதட்டல். டைரக்டர் எனக்கும் கை கொடுத்தார்.

எழுதவே கேவலமாக இருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 9
மழை வரும்போல் இருந்து வரவில்லை. நேற்றோடு என் ஷூட்டிங் வேலை முடிந்தது. துணி துவைத்தேன். காஸ் புக் செய்ய வேண்டும்.

மதியம் புது நம்பர். சம்பத் சாரின் மனைவி. வீட்டுக் காலண்டரில் ‘கப்பல் ஜெனி’ என்று என் நம்பர் இருந்ததாம்.

“காலைல பையைத் தூக்கினு பூட்டாரும்மா. கோவா ரயில்ல கீறேன்னு இப்பதான் போன் பண்ணாரு. கப்பல் எங்க நிக்கும்? நான் போய் இட்டுனு வரேன்.”

இடத்தைச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

“எனக்கு இந்தி தெரியாதும்மா. நீ கூட வரியா?”

நாளைக்கு ஷூட்டிங் இருக்கிறது என்றேன்.