சின்னிக்குக் கழுத்து நிற்கவில்லை

10 நவம்பர் 1957, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்த வேட்டி எதுவும் காயவில்லை.

அம்சா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். பாதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்தாள். "அரியாங்குப்பத்துல உங்க அண்ணனுக்குக் குடுத்துட்டு வாங்க. மில்லுல வேல போனதுலேர்ந்து அந்த மனுஷன் வாயில கறியே பட்டிருக்காது."

சைக்கிளில் பாலம் வரை போனேன். அதற்கு மேல் கால் மிதிக்கவில்லை.

போன மாதம் அண்ணன் என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். அழுக்கு வேட்டி, செருப்பில்லாத கால். பக்கத்து மேஜைக்காரர் யார் என்று கேட்டார். "வீட்டுக்குப் பால் ஊத்தறவரு" என்றேன். அண்ணன் காதில் விழுந்துவிட்டது. படியிறங்கிப் போய்விட்டார். நான் உட்காரும் நாற்காலியே அவர் படிக்கவைத்ததால் வந்தது.

ஆற்றில் கொட்டலாம் என்றால் பாலத்தில் ஜனம். வீட்டுக்கே திரும்பினேன். அம்சா குழாயடிக்குப் போயிருந்தாள். கொல்லைக் குப்பைக்குழியில் கொட்டி மேலே சருகைத் தள்ளினேன்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"சாப்ட்டாரா?"

"ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்ட்டாரு."

ரெண்டு தரம் என்று அவள் கேட்கவேயில்லை. நானாகச் சேர்த்தது.

14 நவம்பர், வியாழன்

நல்ல வெயில். சின்னிக்கு என்னவோ ஆகிவிட்டது. அம்சாவின் வாத்து. உள்ளங்கைக் குஞ்சாக வந்தது, இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் அடுப்படி வரை வந்து நிற்கும். நேற்று மாலை வரை கொல்லையைக் கிளறிக்கொண்டு திரிந்தது. இன்று கூண்டைத் திறந்தால் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் பின்னால் இழுக்கின்றன.

அம்சா செய்தவை: மஞ்சள் தண்ணீர். வேப்பிலைச் சாறு. இஞ்சி. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டது. ஒன்றுக்கும் பலனில்லை.

ஆபீசில் பழைய பிரெஞ்சுக் கடுதாசிகளை இங்கிலீஷில் எழுதும் வேலை. ஒரே பக்கத்தில் மூன்று பிழை.

மாலை இன்னும் மோசம். கழுத்து நிற்கவில்லை. தூக்கிவிட்டால் ஈரத்துணி மாதிரி விழுகிறது. கண் மட்டும் எங்களையே பார்க்கிறது.

"யாரோ என்னமோ வெச்சிட்டாங்க" என்றாள் அம்சா.

எனக்கு உடனே பக்கத்து வீட்டு முசே அந்துவான் நினைவு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குபவர், தனி ஆள். பிரெஞ்சு மரியாதையில் தெருவுக்கே அவர் முசே. தீபாவளிக்கு முன் சின்னி அவர் ரோஜாச் செடியை மிதித்தபோது, "இன்னொரு தரம் வந்தா கழுத்தத் திருகிடுவேன்" என்றவர்.

போய் அவர் வாசலில் நின்று கத்தினேன். "வாயில்லாத சீவனுக்கு வெஷம் வெச்சிட்டியே, நீயெல்லாம் மனுஷனா?" என்னைவிட இருபது வயது பெரியவரை நீ, வா, போ. தெருவே வெளியில் வந்துவிட்டது. அம்சா என் பின்னால்.

அவர் என் பின்னால் நின்ற அம்சாவைப் பார்த்தார். "நான் வெக்கில தம்பி. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

15 நவம்பர், வெள்ளி

லீவு போட்டேன். கூடையில் சாக்கு விரித்துச் சின்னி. ரிக்‌ஷாவில் வழி நெடுக அம்சா அதன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

டாக்டருக்கும் முதலில் புரியவில்லை. அடியா? இல்லை. பூச்சிக் கடியா? தடம் இல்லை. காய்ச்சலும் இல்லை. "மாடுன்னா பாத்ததுமே சொல்லிடுவேன். வாத்து…" என்று தாடையைத் தடவினார். அப்புறம் கேட்டார்: "அழுகின கறி, புழு வெச்சது, அப்பிடி ஏதாவது தின்னுச்சா? அதுல இப்பிடிக் கழுத்து தொங்கும். அதான்னு தெரிஞ்சா பேதிக்குக் குடுக்கலாம். வேற நோயா இருந்தா, இந்த ஒடம்புக்கு அந்த பேதியே எமன்."

"எங்க வூட்ல ஏதுங்க அழுகின கறி? ஆக்கினா அன்னிக்கே தீந்துடும்" என்றாள் அம்சா.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன்.

கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் இல்லை என்றேன். இதை எழுதிவைக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து, அம்சா உள்ளே போனதும் குழியைப் பார்த்தேன். சருகு விலகிக் கிடந்தது. கறித்துண்டு எல்லாம் வெள்ளையாக நெளிந்தது. மண்வெட்டி எடுத்து மூடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் முசேயின் தலை.

"ஞாயித்துக்கெழம நீ கொட்டினதப் பாத்தேன் தம்பி."

"நேத்து நான் அவ்ளோ பேசினனே, சொல்லியிருக்கலாமே முசே."

"ஒம் பொஞ்சாதி பின்னாலயே நின்னா. அவளுக்குத் தெரியாம நீ கொட்டினத அவ முன்னால எப்பிடிச் சொல்றது? மொதல்ல வாத்தப் பாரு." தலை இறங்கிவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி மூடும் நேரம். டாக்டரிடம் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. பேதி உப்புப் பொட்டலத்தைக் கொடுத்தார். "காலையிலேயே சொல்லியிருந்தா அர நாள் மிச்சம். இப்ப பொழைக்கிறது அதோட பாடு."

பொட்டலத்தைப் பார்த்து அம்சா கேட்டாள், இது எதற்கு என்று. சொன்னேன். பாலத்தில் திரும்பியது, குழி, ரெண்டு தரம் சோறு, ஆபீசில் பால் ஊற்றுகிறவர் என்றது, எல்லாம். அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன்.

"நான் அலகத் தெறந்து புடிக்கிறேன். நீங்க ஊத்துங்க" என்றாள். அவ்வளவுதான்.

16 நவம்பர், சனி

மழை. சின்னி உயிரோடு இருக்கிறது.

உப்புத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. நடுவில் வெறும் தண்ணீர். தலை சரிந்து மூக்கு அடைக்காமல் மடித்த சாக்கின் மேல். கீழே எல்லாம் பச்சையாகப் பேதி, அம்சா துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசுவது வாத்தோடு மட்டும். "குடிம்மா. உனுக்கு ஒண்ணும் தெரியாதே, நீ என்னா பண்ணுவ."

மழை விட்டதும் முசே வாசலுக்குப் போனேன். அன்று நின்ற அதே இடம். தெருவில் நாலு பேர் இருக்கும்போது போகவேண்டும் என்று காத்திருந்து போனேன். "நீங்க ஒண்ணும் வெக்கில முசே. தப்பு என்னுது. குப்பையில நான் கொட்டினதத் தின்னுதான் அதுக்கு இப்பிடி ஆச்சி. என்ன மன்னிச்சிடுங்க" என்று உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா பேசு தம்பி. நான் செவுடு இல்ல" என்றார். பிறகு, "தண்ணி எறங்குதா அதுக்கு?"

இறங்குகிறது என்றேன்.

17 நவம்பர், ஞாயிறு

வெளிறிய வெயில். காலையில் சின்னி தலையைத் தானாகத் தூக்கியது. ஆடி ஆடி நின்றது, விழவில்லை. கிண்ணத்தில் அலகை விட்டுக் குடித்தது. கால் இன்னும் சரியில்லை. அம்சா தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "போய்ட்டு வாங்க" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

வெறுங்கையோடு போனேன். பாலத்தில் நிற்கவில்லை.

அண்ணன் வீட்டு முன்னால் வேலிக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றார்.

எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டது "வாடா" என்றுதான்.

முகத்தைப் பார்க்க முடியாமல் மூங்கிலைப் பார்த்துச் சொன்னேன். அம்சா கொடுத்தனுப்பிய குழம்பு, நான் கொட்டியது, வாத்து, முசே. "அன்னிக்கி ஆபீசுல…" என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வாத்து பொழச்சிடுச்சா?"

"கழுத்து நின்னுடுச்சிண்ணே."

"சரிங்க."

கயிற்றின் ஒரு முனையை நீட்டி, "இதப் புடிங்க" என்றார். பிடித்தேன். வேலி முடிகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன். இழுங்க, விடுங்க, இந்தப் பக்கம் வாங்க. ஒரு தரம்கூட 'டா' வரவில்லை.