கண்ணில் படாதவர்கள்

ஃப்ராங்க்ஃபர்ட்

அன்புள்ள வீப்கே,

உழைப்பவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை என்ற உன் கருத்தரங்கக் கட்டுரை அருமை. நல்ல மதிப்பெண் வரும். நீ வாசித்து முடித்ததும் நம் வழக்கப்படி எல்லோரும் விரல்முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டினோம்.

அப்போது குப்பைக்கூடையை எடுக்க வந்த பெண்ணிடம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்ப வேணாங்க, அப்புறமா வாங்க" என்றாய்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில், "எலும்பும் தோலுமா இருக்கே, இன்னொரு துண்டு வாத்து வச்சுக்கோ" என்று உனக்குப் பரிமாறியவள் அவள்தான். அம்மாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று மட்டுமே உன்னிடம் சொல்லியிருந்தேன்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கல. நீ பார்த்துட்டுத்தான தட்டிக்கிட்டிருந்தே?" என்று என்னைக் கேட்டாள்.

இப்படிக்கு,
மேசையைத் தட்டியவள்